போர் நடந்துகொண்டிருக்கும்போதே தளபதி கணக்கை வெளியே சொல்லலாமா?

கேள்வி: கோட்டையூரான்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு 30 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். ராணுவம் பற்றி எனக்குப் படிப்பு கிடையாது. ஆனால் 2022 பிப்ரவரி 24-க்குப் பிறகு உக்ரைன் போர் பற்றி வந்த எந்தச் செய்தியையும் நான் படிக்காமல் விட்டதில்லை. என் மகன் அப்போது கார்கிவில் மருத்துவம் மூன்றாம் வருடம். மார்ச் 2-ம் தேதி, மாலை 6 மணிக்குள் கார்கிவை விட்டு வெளியேறுங்கள், வண்டி கிடைக்காவிட்டால் நடந்தாவது போங்கள் என்று நம் தூதரகம் அறிவித்தது. அவனும் கூட இருந்த பிள்ளைகளும் பனியில் 11 கிலோமீட்டர் நடந்து பெசோச்சின் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். முந்தின நாள்தான் கார்கிவிலேயே கர்நாடகத்துப் பிள்ளை ஒருவர் குண்டுவீச்சில் இறந்திருந்தார். அன்று ராத்திரி முழுக்க நானும் என் மனைவியும் முகப்புத் திண்ணையில் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மகன் வீடு வந்து சேர்ந்தான். பிறகு வேறொரு நாட்டுக் கல்லூரிக்கு மாறிப் படிப்பை முடித்து, இப்போது இங்கே எழுதவேண்டிய தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். அவன் குடியிருந்த கட்டடத்தின் கீழ்வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். போர் தொடங்கின முதல் வாரத்தில் இந்தப் பிள்ளைகளுக்குச் சூப்பு வைத்துக் கொடுத்தவர். 'பாபுசியா' என்றுதான் கூப்பிடுவான். அவரோடு இன்றைக்கும் பேசுகிறான். அவர் பேரன் போர்முனையில் இருக்கிறான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் ஐந்து விளக்குப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பேச்சு இந்தப் போர் பக்கம் போனது. 2023 நவம்பரில் உக்ரைன் தலைமைத் தளபதியாக இருந்த வலேரி ஜலூஷ்னி, 'எகனாமிஸ்ட்' இதழுக்குக் கொடுத்த பேட்டியை நான் சொன்னேன். முதல் உலகப் போரில் நடந்ததுபோலத் தொழில்நுட்பம் இரண்டு பக்கத்தையும் முட்டுக்கட்டையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது, ஆழமான அழகான முன்னேற்றம் என்று ஒன்று பெரும்பாலும் இருக்காது என்று அவர் சொல்லியிருந்தார். அந்த வருடம் ஜூனில் தொடங்கின எதிர்த்தாக்குதல், 5 மாதத்தில் 17 கிலோமீட்டர்தான் நகர்ந்திருந்தது. ட்ரோன் வந்த பிறகு எதிரி செய்வதெல்லாம் நமக்குத் தெரிகிறது, நாம் செய்வதெல்லாம் அவனுக்குத் தெரிகிறது, அதனால் இரண்டு பேராலும் படை திரட்டி உடைத்துக்கொண்டு போக முடியவில்லை என்று காரணத்தையும் விளக்கினார். இத்தனை பேரைப் பலிகொடுத்தால் ரஷ்யா நின்றுவிடும் என்று நினைத்தது தன் தப்பு என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டார். இந்த ஒரு வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

மூன்று நாள் கழித்து, இது முட்டுக்கட்டை இல்லை என்று ஜனாதிபதி ஜெலென்ஸ்கி மறுத்தார். மாஸ்கோவிலும் அப்படி ஒன்றும் இல்லை என்றே சொன்னார்கள். சண்டை போடுகிற இரண்டு அரசாங்கமும் ஒரே பதிலைச் சொன்னது அந்த ஒரு விஷயத்தில்தான் என்று நினைக்கிறேன். 2024 பிப்ரவரி 8-ல் ஜலூஷ்னி பதவியிலிருந்து எடுக்கப்பட்டார். பிறகு லண்டனுக்குத் தூதராக அனுப்பினார்கள்.

டீக்கடையில் இருந்த நண்பர் ஒருவர், நல்ல படிப்பாளி, கொதித்துப்போனார். "போர் நடக்கும்போது பத்திரிகைக்காரனிடம் இப்படிப் பேசுகிறவனை விசாரணைக்கு நிறுத்த வேண்டும். ஜனங்கள் மனசு உடைந்துபோகாதா?" என்றார்.

எனக்கு அந்த இடத்தில் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து பழைய செய்திகளைத் தேடிப் பார்த்தேன். கீவ் சமூகவியல் நிறுவனம் 2023 டிசம்பரில், அதாவது அந்தப் பேட்டி வந்து ஒரு மாதத்தில், ஒரு கருத்துக்கணிப்பு எடுத்திருக்கிறது. ஜலூஷ்னியை நம்புகிறவர்கள் 88 சதவீதம். ஜெலென்ஸ்கியை நம்புகிறவர்கள் 62 சதவீதம். ஒரு வருடம் முன்னால் ஜெலென்ஸ்கிக்கு அது 84 ஆக இருந்தது. முடியவில்லை என்று சொன்ன மனிதரைத்தான் ஜனங்கள் அதிகம் நம்பியிருக்கிறார்கள்.

ஏன் இது என்னை இவ்வளவு உறுத்துகிறது என்றால், எங்கள் வீட்டில் இது பழைய கதை.

எங்கள் ஐயா (அப்பச்சியின், அதாவது என் அப்பாவின், தகப்பனார்) பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் பார்க்கப் போனவர். பெகுவில் ஒரு மார்க்காவில், அதாவது வட்டிக்கடையில், அடுத்தாளாக (மேலாளுக்கு அடுத்த பொறுப்பில்) இருந்தார். வட்டிக்கடை நிர்வாகம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். முதலாளி ஊரில் இருப்பார். அங்கே இருக்கிற மேலாளும் அடுத்தாளும் மாதாமாதம் கணக்கு எழுதி அனுப்ப வேண்டும். வருடம் முடிந்தால் ஐந்தொகை, அதாவது கடையின் முழு நிலவரத்தைக் காட்டுகிற கணக்கு. அதில் வரவேண்டியது எவ்வளவு, வராது என்று தெரிந்தது எவ்வளவு என்று பிரித்துக் காட்டியாக வேண்டும். வாராக்கடனை வரும் கடனாக எழுதினால் அந்த வருடம் ஐந்தொகை அழகாக இருக்கும், மூன்றாம் வருடம் கடை மூழ்கிப்போகும். எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த அப்பச்சி முதல் நாள் சொன்னதே இதுதான்.

விஷு வருடம் ஐப்பசி மாதம், அதாவது 1941 அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ, ஐயா முதலாளிக்கு எழுதின கடிதம் ஒன்று எங்கள் தகரப்பெட்டியில் இருக்கிறது. புதுக்கடன் கொடுப்பதை நிறுத்திக்கொள்ளலாம், அறுப்பு முடிந்து வருகிற பணத்தை அங்கே திருப்பிப் போடாமல் ஊருக்கு அனுப்பிவிடலாம், சயாம் (தாய்லாந்து) பக்கமிருந்து வருகிறவர்கள் சொல்வது நன்றாக இல்லை என்று எழுதியிருக்கிறார். அதற்கு முதலாளி எழுதின பதிலும் இருக்கிறது. சிங்கப்பூர் இருக்கிறவரை ரங்கூனுக்கு ஒன்றும் வராது, துரைமார்களே அப்படிச் சொல்லும்போது நீர் பயந்து எழுதுவானேன் என்று கேட்டிருக்கிறார்.

முதலாளி மேல் எனக்குக் கோபம் இல்லை. 1941 டிசம்பர் 8-ம் தேதி, ஜப்பான்காரன் மலாயாவில் இறங்கின அன்றைக்கு, கிழக்காசிய பிரிட்டிஷ் தலைமைத் தளபதி புரூக்-பாப்பம் வெளியிட்ட அறிக்கையில், நாங்கள் தயார், போதுமான எச்சரிக்கை இருந்தது, ஏற்பாடுகள் செய்து சோதித்தும் பார்த்தாயிற்று என்றுதான் இருந்தது. இரண்டு நாளில் அவர்களுடைய இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் மூழ்கின. டிசம்பர் 23-ல் ரங்கூனில் குண்டு விழுந்தது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் போனது. மார்ச் 8-ல் ரங்கூன் போனது. கோட்டையூரில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற மனிதர், தலைமைத் தளபதியை நம்புவாரா, மாதச் சம்பளத்துக்கு இருக்கிற அடுத்தாளை நம்புவாரா?

ஐயா புரோம் வரை வந்து, அங்கிருந்து மலை தாண்டி டாங்கப், பிறகு படகில் அக்யாப், அங்கிருந்து கப்பலில் சிட்டகாங் என்று வந்து சேர்ந்தார். அந்த வருடம் சுமார் 5 லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு வந்தார்கள். வழியில் செத்தவர்கள் பல ஆயிரம் பேர்.

என் கேள்வி இதுதான். போர் நடக்கும்போதே தளபதி ஐந்தொகையை ஊரறியச் சொல்வது சரியா? சொன்னால் ஜனங்கள் உண்மையிலேயே மனம் தளர்ந்துபோகிறார்களா? ராணுவத்தில் இருந்தவர்கள், வரலாறு படித்தவர்கள் சொல்லுங்கள். எனக்கு என் அபிப்பிராயம் உண்டு, ஆனால் தப்பாக இருக்கலாம் என்ற நினைப்போடுதான் கேட்கிறேன்.

---

பதில்: ஓய்வு ஹவில்தார், காளையார்கோவில்

அண்ணே, உங்க மகன் நல்லபடியா வந்து சேர்ந்ததுக்கு அந்தக் காளீஸ்வரனுக்கு நன்றி. ஆனா உங்க நண்பர் சொன்னது பாதி சரின்னுதான் நான் சொல்லுவேன்.

தளபதி உண்மையைச் சொல்லணும். யாருகிட்ட சொல்லணும்கிறதுதான் கேள்வி. 1971 ஏப்ரல்ல கிழக்கு பாகிஸ்தானுக்குள்ள உடனே போக முடியுமான்னு பிரதமர் இந்திரா காந்தி கேட்டப்ப, இப்பப் போனா தோத்துருவோம்னு அப்ப தலைமைத் தளபதியா இருந்த மானெக்‌ஷா சொன்னதா அவரே பின்னால பல கூட்டத்துல பேசியிருக்கார். மழைக்காலம் வரப்போகுது, ஆறெல்லாம் கடலாயிரும், வடக்க பனி விழுந்து கணவாய் அடைச்சாத்தான் சீனாக்காரன் இறங்க மாட்டான், எனக்கு நேரம் வேணும்னு கேட்டார். கதவைச் சாத்திக்கிட்டுச் சொன்னார். எந்தப் பத்திரிகைக்கும் போகல. டிசம்பர் 3-ல தொடங்கி 16-ல முடிஞ்சுது. அந்த வார்த்தை ஏப்ரல்லயே வெளிய வந்திருந்தா எதிரிக்கு எட்டு மாசம் முன்கூட்டியே சீட்டுக் கொடுத்த மாதிரி ஆயிருக்கும்.

ஜலூஷ்னி பேசின நேரத்தையும் பாருங்க. அமெரிக்காவுல உதவிப் பணம் தேங்கி நின்னுச்சு. 2024 ஏப்ரல்லதான் அது நிறைவேறுச்சு. ஜெயிக்க முடியாத சண்டைக்கு எதுக்குப் பணம்னு கேக்கிறவனுக்கு நாமளே வார்த்தையை எடுத்துக் கொடுக்கலாமா? இது ரஷ்யாக்காரன் வேலையைச் சுலபமாக்குதுன்னு அவங்க ஜனாதிபதி அலுவலகத்துலேயே வருத்தப்பட்டாங்க. அந்த வருத்தம் நியாயம்.

இன்னொன்னையும் மறைக்காம சொல்லிருறேன். 1999-ல கார்கில் சமயத்துல நான் திராஸ் பக்கம் இருந்தேன். சாமான் பற்றாக்குறை எங்களுக்குக் கண்ணு முன்னால தெரியும். ஜூன்ல எங்க தலைமைத் தளபதி வி.பி.மாலிக், கையில இருக்கிறதை வச்சுச் சண்டை போடுவோம்னு பத்திரிகைக்காரங்க முன்னாலயே சொன்னார். டெல்லியில சிலருக்கு அது பிடிக்கல. எங்களுக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? நம்ம கஷ்டம் மேல இருக்கிறவருக்குத் தெரியுதுன்னு இருந்துச்சு. ராத்திரி மூட்டை தூக்கிட்டு ஏறினப்ப அந்த வார்த்தை எனக்கு பலமா இருந்துச்சு. ஆனா கவனிங்க. அவர் இல்லைன்னு மட்டும் சொல்லல, இருக்கிறதை வச்சுப் போடுவோம்னும் சொன்னார். அந்த இரண்டாவது பாதி இல்லாம முதல் பாதியை மட்டும் ஒரு தளபதி சொன்னா நான் ஏத்துக்க மாட்டேன்.

---

பதில்: அழகப்பாபுரம் மாணவி

வணக்கம் சார். நான் வரலாற்றில் ஆய்வு செய்கிறேன். என் பொருள் வேறு என்றாலும், போரும் பொதுஜனக் கருத்தும் பற்றிக் கொஞ்சம் படித்திருக்கிறேன்.

நீங்கள் கேட்டதற்கு நேர் எதிரான ஓர் உதாரணம் வியட்நாம். 1967-ல் அமெரிக்க ஜனங்கள் மனது மாறிக்கொண்டிருந்தது. வியட்நாமுக்குப் படை அனுப்பியது தப்பு என்று சொன்னவர்கள் 1965 ஆகஸ்டில் காலப் என்ற நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் 24 சதவீதம்தான். 1967 அக்டோபரில் அது ஏறக்குறைய பாதியைத் தொட்டுவிட்டது. அதனால் ஜனாதிபதி ஜான்சன், களத்தில் இருந்த தளபதி வெஸ்ட்மோர்லாண்டையே ஊருக்கு வரவழைத்துப் பேசவைத்தார். நவம்பர் 21-ல் வாஷிங்டன் பத்திரிகையாளர் மன்றத்தில், முடிவு கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிட்டது என்ற பொருளில் அவர் பேசினார். கொஞ்ச நாள் அது பலித்தது. ஜான்சனுக்கு ஆதரவு ஏறியது.

சரியாகப் பத்து வாரம். 1968 ஜனவரி 30, 31-ல் டெட் என்கிற வியட்நாமியப் புத்தாண்டை ஒட்டி, தெற்கு வியட்நாமின் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் ஒரே சமயத்தில் கம்யூனிஸ்ட் படைகளின் தாக்குதல் நடந்தது. சைகோனில் அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள்ளேயே ஆட்கள் புகுந்துவிட்டார்கள். ராணுவக் கணக்கில் பார்த்தால் அந்தத் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. தாக்கியவர்களுக்குத்தான் இழப்பு அதிகம். ஆனால் நவம்பரில் ஒன்றைக் கேட்டுவிட்டு ஜனவரியில் இன்னொன்றைத் தொலைக்காட்சியில் பார்த்த ஜனங்களுக்கு அந்தக் கணக்கு ஏறவே இல்லை. மார்ச் 31-ல் ஜான்சன் மறுபடி தேர்தலில் நிற்கவில்லை என்று அறிவித்தார். ஆகஸ்டில், தப்பு என்றவர்கள் 53 சதவீதம். வெஸ்ட்மோர்லாண்டு அந்த நவம்பரில் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்கூட இவ்வளவு சேதம் வந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று. நீங்கள் காட்டிய 88 சதவீதத்தைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகப் படிக்க வேண்டும் சார். அது 'தளபதி சொன்ன மதிப்பீடு சரி' என்பதற்கான எண் இல்லை, தளபதியை நம்புகிறோம் என்பதற்கான எண். கீவைக் காப்பாற்றியவர் என்ற நன்றியும் அதில் இருக்கும். தொலைபேசியில் கேட்கும் கணிப்பு, அதுவும் உக்ரைன் அரசின் கையில் இருக்கும் பகுதிகளில் மட்டும். ஆனால் அதே நிறுவனம் அதே டிசம்பரில் கேட்ட இன்னொரு கேள்வி எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. எந்தக் காரணத்துக்காகவும் நிலத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது என்றவர்கள் 74 சதவீதம். சமாதானத்துக்காகக் கொஞ்சம் விடலாம் என்றவர்கள் 19. முட்டுக்கட்டை என்று தளபதி சொன்ன ஒரு மாதம் கழித்து இது! ஆக, ஜனங்கள் அதைக் கேட்டுக் கையைத் தூக்கிவிடவில்லை. ஒரு வருடம் கழித்து, 2024 டிசம்பரில், அது 51-க்கும் 38-க்கும் வந்தது. அந்த மாற்றத்தை ஒரு பேட்டி செய்திருக்க முடியாது. இடையில் அவ்திவ்கா என்ற ஊர் ரஷ்யாவின் கைக்குப் போனது, மின்நிலையங்கள் அடி வாங்கின, படைக்கு அழைக்கும் வயது 27-லிருந்து 25-க்கு இறங்கியது. வீட்டுக்கு வீடு அனுபவித்ததுதான் அந்த எண்ணை நகர்த்தியது.

---

பதில்: பலகாரக்கடை, காரைக்குடி

நான் படிப்பாளி இல்லை. 2022-ல் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியபோது கடையை மூடிவிடலாமா என்று யோசித்தவன். நம் நாட்டுக்கு வரும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பங்கு உக்ரைனிலிருந்து வந்துகொண்டிருந்தது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதிரசம், முறுக்கு, சீடை என்று கல்யாண ஆர்டர் எல்லாம் பழைய விலைக்குப் பேசியிருந்தேன். ஒரு மாதத்தில் முடிந்துவிடும் என்று டிவியில் பேசிய பெரிய பெரிய ஓய்வு அதிகாரிகளை நம்பித்தான் விலையை மாற்றவில்லை. இழுத்துக்கொண்டுதான் போகும் என்று ஒருவர் சொல்லியிருந்தால் வாடிக்கையாளரிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கூடுதல் விலை கேட்டிருப்பேன். அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்.

---

பதில்: தேவகோட்டை ஆச்சி (பேத்தி டைப் செய்கிறேன்)

கோட்டையூர் அண்ணன், உங்கள் பதிவை எங்கள் அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். வயது 89. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், புரோம், டாங்கப் என்று வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"அப்ப எனக்கு ஆறு வயசு. எங்க அப்பச்சி மௌல்மீன்ல இருந்தாக. பொம்பளைக யாரும் போகல, எல்லாம் இங்கதான். ரெட்டை வீட்டுல வளவு முழுக்கப் பொம்பளையும் பிள்ளையும்தான். எங்க ஐயா முகப்புல உக்காந்து பேப்பரைச் சத்தமா வாசிப்பாக, உள்ள கதவோரத்துல எங்க ஆத்தா நின்னு கேக்கும். ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னேதான் போட்டாக. மௌல்மீன் போயிருச்சுன்னு பேப்பர்ல வந்தப்ப, எங்க ஆத்தா, நேத்து வரைக்கும் ஒண்ணுமில்லன்னாகளேன்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டுச்சு. அதுக்குப் பெறகு பேப்பர் வாசிக்கையில கதவோரத்துக்கு வர்றதே இல்ல. காயிதம் கிடையாது, தந்தி கிடையாது. பங்குனி போச்சு. பட்டணத்துலயே குண்டு விழப்போகுதுன்னு சனமெல்லாம் ஊருக்கு ஓடியாந்துச்சு. சித்திரையில ஒருநா சாயங்காலம் தாடியும் மசிருமா ஒரு ஆளு முகப்புல வந்து நின்னாக. நான் பரதேசின்னு நெனச்சு அரிசி எடுக்க உள்ள ஓடினேன். எங்க அப்பச்சி.

பயந்துருவோம்னு சொல்லாம விட்டாகளாம். பயந்துக்கிட்டுத்தானே கிடந்தோம். என்னன்னு தெரிஞ்சு பயந்திருந்தா எங்க ஆத்தா அத்தனை நாளும் சோறு தின்னுருக்கும்."

இதைச் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். இன்னும் ஒன்று கேட்கச் சொன்னார். உங்கள் ஐயா முதலாளிக்கு எழுதின கடிதம் முதலாளி வீட்டில்தானே இருக்க வேண்டும்? உங்கள் வீட்டுத் தகரப்பெட்டிக்கு எப்படி வந்தது?

---

பதில்: கோட்டையூரான்

எல்லோருக்கும் நன்றி. கடை அடைத்து வந்து இப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். அப்பத்தா சொன்னதை என் மனைவிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். 2022 மார்ச் 2-ம் தேதி ராத்திரி அவளும் அப்படித்தான் இருந்தாள். ஆனால் எங்களுக்கு அன்றைக்கு ஒரு வித்தியாசம் இருந்தது. 'உடனே கிளம்பு, நடந்தாவது போ' என்று சொல்லிவிட்டார்கள். பயங்கரமான வார்த்தைதான். அதைக் கேட்ட பிறகுதான் பெசோச்சின் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடினோம். எத்தனை கிலோமீட்டர், ஒரு மணிக்கு எவ்வளவு நடப்பான், எத்தனை மணிக்குப் போய்ச் சேருவான் என்று எண்ணிக்கொண்டு உட்கார முடிந்தது.

ஹவில்தார் அண்ணே, நீங்கள் சொன்ன 'இரண்டாவது பாதி' எனக்கு இதுவரை தோன்றாதது. அதை வைத்துக்கொண்டு ஜலூஷ்னி சொன்னதை மறுபடி படித்தேன். அவரும் முட்டுக்கட்டை என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. சீனாக்காரன் கண்டுபிடித்த வெடிமருந்துபோல இந்தப் போருக்கும் புதிதாக ஒன்று வேண்டும் என்று சொல்லி, வான்பலம், ட்ரோனை முடக்குகிற மின்னணுக் கருவி, எதிரியின் பீரங்கியைக் கண்டுபிடித்து அடிக்கிற வழி, கண்ணிவெடி அகற்றுவது, பயிற்சி பெற்ற ஆள்பலம் என்று என்னென்ன தேவை என்பதையும் எழுதிக் கொடுத்திருந்தார். பத்திரிகைக்காரர்கள் தலைப்புக்கு எடுத்தது ஒரு சொல்லை மட்டும்தான். மானெக்‌ஷா கதவைச் சாத்திக்கொண்டு சொன்னது சரி என்றும் ஒப்புக்கொள்கிறேன். அப்போது போர் தொடங்கவில்லை. யார் வீட்டுப் பிள்ளையும் களத்தில் நிற்கவில்லை. இங்கே பாபுசியாவின் பேரன் நிற்கிறான். கடையில் பணம் போட்டவனுக்குக் கணக்குக் கேட்க உரிமை உண்டு என்றால், பிள்ளையையே போட்டவளுக்கு எவ்வளவு உரிமை இருக்க வேண்டும்? எவ்வளவு யோசித்தாலும் நான் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறேன். எங்கே எந்தப் படை நிற்கிறது, அடுத்து எங்கே அடிக்கப்போகிறோம் என்பது ரகசியம். அதை யாரும் கேட்கவில்லை. இது எவ்வளவு காலம் இழுக்கும், இன்னும் எவ்வளவு கேட்கும் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மாணவி சொன்ன 74, 51 எண்களுக்கு நன்றி அம்மா. நான் 88-ஐ மட்டும் பார்த்துவிட்டு வேகமாக எழுதிவிட்டேன். மகனை விட்டு பாபுசியாவிடம் கேட்கச் சொன்னேன். அந்தப் பேட்டி வந்தபோது உங்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்டான். "என் பேரன் போனில் சொன்னதைத்தான் அவரும் சொன்னார். பேரன் பொய் சொல்லவில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்" என்றாராம். ஜலூஷ்னியைப் பதவியிலிருந்து எடுத்த அன்று அழுததாகவும் சொன்னார். அதே பாட்டி, நிலத்தை விட்டுக்கொடுக்கலாமா என்று கேட்டால் இன்றைக்கும் கூடாது என்றுதான் சொல்கிறார். பேரன் திரும்பி வந்தால் போதும் என்றும் அதே மூச்சில் சொல்கிறார். கணிப்பு எடுக்கிறவர்கள் போன் செய்தால் அவரை எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

பர்மாவைப் பற்றி இன்னொன்றும் படித்தேன். புரூக்-பாப்பம் அறிக்கையைச் சொன்ன நான் இதையும் சொல்லவேண்டும். சீனப் படைகளோடு பர்மாவில் இருந்த அமெரிக்கத் தளபதி ஸ்டில்வெல், கூட இருந்தவர்களை அழைத்துக்கொண்டு காட்டு வழியே நடந்து இம்பால் வந்து சேர்ந்தார். 1942 மே மாதம் டெல்லியில் பத்திரிகைக்காரர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டபோது, நாங்கள் செம்மையாக அடி வாங்கிவிட்டோம், பர்மாவை விட்டுத் துரத்தப்பட்டோம், இது பெரிய அவமானம், காரணம் என்னவென்று கண்டுபிடித்துத் திரும்பப் போய்ப் பிடிக்க வேண்டும் என்று சொன்னார். ஹவில்தார் அண்ணன் சொன்ன இரண்டு பாதியும் அதில் இருக்கிறது. ஏறக்குறைய அதே நாட்களில் எங்கள் ஐயாவும் சிட்டகாங்கிலிருந்து ரயில் மாறி மாறி ஊருக்கு வந்துகொண்டிருந்திருப்பார். அந்த வார்த்தை அப்போது அவர் காதில் விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பலகாரக்கடைத் தம்பி, உங்கள் கடை சீடை எங்கள் வீட்டுக்கு வரும். மூடாமல் தாக்குப்பிடித்தீர்களே, சந்தோஷம்.

கடைசியாக அப்பத்தா கேட்டது. கேள்வியைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் எழுதாமல் இருந்துவிட்டேன். இத்தனை வருடத்தில் யாரும் கேட்டதில்லை.

ஐயா ஊருக்கு வந்த பிறகு முதலாளி வீட்டுப் பக்கமே போகவில்லையாம். போட்ட முதல் எல்லாம் அங்கேயே போய்விட்டது, இனி என்ன கணக்குச் சொல்வது என்று கூச்சம். மறுவருடம் ஒரு நாள் உச்சி வெயிலில் முதலாளியே எங்கள் வீட்டுக்கு நடந்து வந்தார். அப்பச்சிக்கு அப்போது எட்டு வயது. பட்டாலையில் பாடம் எழுதிக்கொண்டிருந்தாராம். முதலாளி முகப்பில் உட்கார்ந்தார். ஐயா நின்றுகொண்டே இருந்தார். உட்காரும் என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். முதலாளி மடியிலிருந்து இரண்டு காகிதத்தை எடுத்தார். ஒன்று ஐயா எழுதின கடிதம். இன்னொன்று, அவர் எழுதின பதிலுக்கு அவர் வைத்திருந்த படி. இரண்டையும் சேர்த்து இரண்டு கையாலும் ஐயாவிடம் கொடுத்தார். ஒன்றும் பேசவில்லை. அப்பச்சியைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டார். செம்பை வாங்கி அண்ணாந்து குடித்துவிட்டுத் தெருவில் இறங்கிப் போனார்.

இரண்டையும் படம் எடுத்து வைக்கிறேன். மை மங்கிவிட்டது, பகல் வெளிச்சத்தில்தான் எழுத்துத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை இங்கே போடுகிறேன். அப்பத்தாவுக்குப் பெரிதாக்கிக் காட்டுங்கள்.